காருக்கு ஏற்ற கவசம் எது?



வேலூர் லாங் பஜார் வழியாக ஒரு காரை ஓட்டிச் செல்வது எளிதான காரியமன்று. ஒருபுறம் மண்டிக்கு மூட்டை இறக்கும் லாரி நிற்கும். மறுபுறம் கைவண்டி வரும். நடுவே நேதாஜி மார்க்கெட்டிலிருந்து கூடையும் பையுமாக மக்கள் வெளியே வந்துகொண்டிருப்பார்கள். கோணி மூட்டை காரை உரசும். கூடையின் விளிம்பு கீறும். தலைக்கு மேலே வேலூர் வெயில்! "தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று இவ்வூரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆறு வறண்டால் மணல் பறக்கும். மலை மொட்டையானால் வெப்பம் கூடும். இரண்டும் காரின் பெயிண்டுக்குப் பகை.

உங்கள் மாமா ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். காட்பாடி ரயில் நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையே நோயாளிகளை ஏற்றி இறக்குவதே அவர் தொழில். கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்திருக்கிறார். "பெயிண்டுக்குப் பாதுகாப்பு போட்டுக் கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொல்கிறார். மெழுகுப் பாலிஷ் என்றால் சில நூறு ரூபாய். செராமிக் பூச்சு என்றால் பல ஆயிரம். கார் முழுவதும் ஒளிபுகும் படலம் ஒட்டினால் செலவு இலட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். மாமா உங்களிடம் கேட்கிறார்: "நீ சயின்ஸ் படிக்கிறியே, எதைப் போடலாம், சொல்லு பார்ப்போம்!"

தவறாகச் சொன்னால் மாமாவின் பல மாதத் தவணைப் பணம் வீணாகும். ஆகவே விளம்பரத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. விஞ்ஞானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாருங்கள், காண்போம்.

தோல் கற்பிக்கும் பாடம்

விடையைத் தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக்குள் எட்டிப் பார்த்தாலே போதும்.

ஆட்டின் பச்சைத் தோலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? அழுகி நாறும். ஈரத்தோடு 65 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் சுருண்டு போகும். அதே தோலைக் குரோமிய உப்பில் பதனிட்ட பிறகு கொதிக்கும் நீரில் போட்டாலும் சுருங்குவதில்லை. பதனிடுதல் முழுமையாக முடிந்ததா என்று அறிய இந்தக் கொதிநீர்ச் சோதனையைத்தான் செய்கிறார்கள்.

இம்மாற்றம் எப்படி நிகழ்ந்தது? தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் நீண்ட இழைகளால் ஆனது. குரோமியம் ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையே பாலம் போல் அமர்ந்து இரண்டையும் பிணைக்கிறது. தனித்தனிக் கயிறுகளாகக் கிடந்தவை முடிச்சுப் போட்ட வலையாக மாறிவிடுகின்றன. வேதியியலில் இதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். இச்சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். காரின் கவசத்தைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

பதனிட்ட தோலுக்குப் பின்னர் ஃபினிஷிங் நடக்கும். முதலில் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பும் காப்பும் தரும் மேற்பூச்சு. ஆம்பூரில் தயாராகும் ஷூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு தோலின் பளபளப்பு அன்று, மேற்பூச்சின் பளபளப்பு.

காரிலும் இதே முறைதான்! இரு தொழில்களும் ஒரே பொருள்களைக் கையாண்டு வந்திருக்கின்றன. 1920களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கார்களுக்கு வந்தது. அதுவரை வாரக்கணக்கில் உலர வேண்டியிருந்த பெயிண்ட் மணிக்கணக்கில் உலர்ந்தது. அதே வகை லாக்கர் தோலுக்கும் மெருகேற்றியது. 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய உடன் பணியாளர்களும் பாலியூரிதேன் என்ற பலபடிப் பொருளை உருவாக்கினர். இன்று ஷூவின் மேற்பூச்சிலும், காரின் மேற்பூச்சிலும், காருக்கு ஒட்டும் ஒளிபுகும் படலத்திலும் இருப்பது இந்தப் பாலியூரிதேன் குடும்பமே.

காரின் தோல்

இன்றைய காரின் இரும்புத் தகட்டின்மேல் என்னென்ன இருக்கின்றன? முதலில் துரு ஏறாமல் தடுக்க ஃபாஸ்ஃபேட் படிவு. அதன்மேல் மின்சாரத்தின் உதவியால் படிய வைத்த அடிப்பூச்சு, ஏறத்தாழ 20 மைக்ரான். அடுத்து பிரைமர், ஏறத்தாழ 30 மைக்ரான். பிறகு நிறப்பூச்சு, ஏறத்தாழ 15 மைக்ரான். கடைசியாக நிறமற்ற தெளிபூச்சு, ஏறத்தாழ 40 மைக்ரான். எல்லாம் சேர்ந்தாலும் சற்றேறக்குறைய 100 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது எவ்வளவு மெல்லியது என்பதை நீங்களே அளக்கலாம். 200 பக்கமுள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அட்டையை விட்டுவிட்டுத் தாள்களை மட்டும் இறுக்கிப் பிடித்து ஸ்கேலால் தடிப்பை அளவிடுங்கள். 200 பக்கம் என்றால் 100 தாள். அளவு 8 மில்லிமீட்டர் என்றால் ஒரு தாள் 80 மைக்ரான். ஆக, காரின் வெளித்தோற்றத்தைக் காக்கும் தெளிபூச்சின் தடிப்பு உங்கள் நோட்டுத் தாளில் ஏறத்தாழப் பாதிதான்!

பழைய அம்பாசடர் கார்களுக்கு இத்தகைய தெளிபூச்சு இருக்கவில்லை. நிறப்பூச்சே வெளியில் நின்று வெயிலைத் தாங்கியது. ஆகையால் சில ஆண்டுகளில் மங்கிப் பொடி தட்டும். பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறம் ஒட்டும். இப்போது அப்படியில்லை. வெயிலைத் தாங்கும் பொறுப்பு தெளிபூச்சுக்கு வந்துவிட்டது. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்களை அதில் கலந்திருக்கிறார்கள். தெளிபூச்சு தேய்ந்துவிட்டால் அடியிலுள்ள நிறம் பாதுகாப்பற்றுப் போகும். எனவே மாமா காக்க வேண்டியது இந்த 40 மைக்ரானைத்தான்.

எதிரிகள் நால்வர்

கவசம் வாங்குமுன் எதிரி யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? மழைக்குக் குடை, முள்ளுக்குச் செருப்பு. குடையால் முள்ளைத் தடுக்க முடியாது.

முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர்கள் தெளிபூச்சின் மூலக்கூறுப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. மேலும் மே மாதத்தில் வேலூரின் காற்று வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும்போது, வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரை 70 டிகிரியை எட்டக்கூடும்.

இரண்டாம் எதிரி பறவை எச்சமும் மரப் பிசினும். எச்சத்தில் யூரிக் அமிலமும் செரிமான நொதிகளும் உள்ளன. சூட்டில் சற்றே இளகி நிற்கும் தெளிபூச்சில் அவை காய்ந்து இறுகித் தழும்பை ஏற்படுத்துகின்றன. புளியமரத்தடியில் நிழல் தேடி நிறுத்தும் காருக்கு இது தினசரித் தொல்லை.

மூன்றாம் எதிரி உப்புத் தண்ணீர். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்றது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் சோப்பில் நுரைக்க மறுப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். பாலாற்றுப் படுகைக்கு இதில் ஒரு தனிச் சோகக் கதையும் உண்டு. தோலைக் கெடாமல் வைக்கப் பயன்படும் உப்பும் பிற கழிவுகளும் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறி நிலத்தடி நீரைக் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்தித் தீர்ப்பு வழங்கியது. அந்த உப்பும் கால்சியமும் கார் கழுவும் வாளியிலும் இருக்கின்றன. நீர் ஆவியானதும் வெண்புள்ளியாய்த் தங்கிவிடுகின்றன. கீறல் இரும்பு வரை இறங்கியிருந்தால், உப்பு கரைந்த ஈரம் துருப்பிடிப்பதையும் துரிதப்படுத்தும்.

நான்காம் எதிரி மணல். இவனே பெரிய எதிரி. ஆனால் பலர் இவனைக் கவனிப்பதில்லை. புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் "பளிச்" என்று துடைக்கிறோமே, அப்போது துணிக்கும் தெளிபூச்சுக்கும் நடுவே மணல் துகள்கள் சிக்கிக் கொள்கின்றன. நாம் துடைக்கவில்லை, தேய்க்கிறோம்! வெயிலில் காரைப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாய்த் தெரியும் நுண்கீறல்கள் இப்படி உண்டானவையே.

கவசங்கள் நான்கு

இனி கடைக்காரர் சொல்லும் கவசங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்போம். ஒன்று: நீ எப்படிப் பிணைந்திருக்கிறாய்? மற்றொன்று: உன் தடிப்பு எவ்வளவு?

மெழுகு: காருக்கான மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னோபா. இது வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. கடும் வெயிலில் ஓலையின் நீர் வற்றாமல் இருக்க மரமே பூசிக்கொண்ட கவசம் அது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கார்னோபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆயினும் டப்பாவில் விற்பது தனிக் கார்னோபா அன்று. எண்ணெயும் கரைப்பானும் கலந்தது. இம்மெழுகுக்குக் குறுக்குப் பிணைப்பு இல்லை. பெயிண்டின் மேல் வெறுமனே ஒட்டிக் கிடக்கிறது. சூடும் சோப்பும் அதைக் கழற்றிவிடும். சில வாரங்களோ, இரண்டு மூன்று மாதங்களோ நிற்கும். விலை குறைவு, வீட்டிலேயே பூசலாம்.

பலபடிப் பூச்சு: இதைக் கடைகளில் சீலண்ட் என்பார்கள். சிலிக்கோன் போன்ற செயற்கைப் பலபடிகளால் ஆனது. மெழுகைவிட நன்றாகப் பற்றிக் கொள்ளும். வெப்பத்தையும் அதைவிடத் தாங்கும். சில மாதங்கள் நிற்கும். இதையும் நாமே பூசலாம்.

செராமிக் பூச்சு: பெயரைக் கேட்டுப் பீங்கான் என்று எண்ணிவிடாதீர்கள். பூசும்போது இது திரவம். கரைப்பான் ஆவியானதும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலையாக இறுகுகிறது. இங்கே குறுக்குப் பிணைப்பு உண்டு! ஆகவேதான் சோப்புக்கும் அமிலத்துக்கும் எளிதில் அசையாது, ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஆனால் தடிப்பு? பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரான்தான். நோட்டுத் தாளின் தடிப்பில் நாற்பதில் ஒரு பங்கு!

ஒளிபுகும் படலம்: பி.பி.எஃப். என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். பசையுள்ள பாலியூரிதேன் தாள். தடிப்பு 150 முதல் 200 மைக்ரான். உங்கள் நோட்டின் ஏறத்தாழ இரண்டு தாளின் தடிப்பு. தெறிக்கும் கல் பட்டால் ரப்பர் போல அமுங்கி அடியை வாங்கிக் கொள்ளும். நல்ல படலத்தில் விழும் நுண்கீறல்கள் வெயிலின் சூட்டிலேயே மறைந்தும் விடுகின்றன. சூட்டில் மூலக்கூறுச் சங்கிலிகள் அசைந்து பழைய நிலைக்குத் திரும்புவதே காரணம். குறை என்ன? விலை. மேலும் தரம் குறைந்த படலம் சில ஆண்டுகளில் மஞ்சளாகும். மறுபெயிண்ட் அடித்த இடத்தில் ஒட்டினால், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரலாம்.

9 எச் என்னும் புதிர்

செராமிக் பூச்சை விற்பவர்கள் "9 எச் கடினம்! கீறலே விழாது!" என்று சொல்வதுண்டு. இந்த எண்ணைக் கேட்டதும் சிலருக்கு மோஸ் அளவுகோல் நினைவுக்கு வரும். 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அதில் 1 டால்க், 7 படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸ், 10 வைரம். 9 எது தெரியுமா? நம் குருந்தக் கல். ஆங்கிலத்தில் அதற்குள்ள 'கொரண்டம்' என்ற பெயரே தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

அப்படியானால் அந்தப் பூச்சு குருந்தக் கல் போலக் கடினமானதா? இல்லவே இல்லை! இங்கே 9 எச் என்பது பென்சிலின் எண். உங்கள் பெட்டியில் எச்.பி., 2 எச் என்று பென்சில்கள் இருக்குமே, அந்த வரிசையின் கடினமான கோடியில் இருப்பது 9 எச். குறிப்பிட்ட கோணத்தில் அழுத்தித் தள்ளிய 9 எச் பென்சில் பூச்சைக் கீறவில்லை என்பதே அச்சோதனையின் பொருள். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. 9 எச் பென்சிலையும் உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிவிடலாம். பாலாற்று மணலில் இருப்பதோ குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. அது கண்ணாடியையே கீறும். பென்சிலுக்கு அஞ்சாத பூச்சு மணலுக்கும் அஞ்சாது என்று சொல்ல முடியுமா?

ஓர் எண்ணைக் கேட்டால், "எந்த அளவுகோலில்?" என்று கேட்பவனே விஞ்ஞான மாணவன். மாமாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி இந்தக் கேள்விதான்.

தாமரை இலையும் வெண்புள்ளியும்

பூச்சிட்ட காரின் மேல் தண்ணீர் தெளித்துக் காட்டுவார்கள். துளிகள் முத்து முத்தாய் உருண்டோடும். பார்க்க அழகாக இருக்கும். தாமரை இலைத் தண்ணீர் போல என்கிறோமே, அதே காட்சி.

துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணத்திற்குத் தொடுகோணம் என்று பெயர். அது 90 டிகிரிக்குக் குறைந்தால் பரப்பு நீரை விரும்புகிறது, கூடினால் வெறுக்கிறது. மெழுகிலும் செராமிக் பூச்சிலும் இக்கோணம் 100 டிகிரியை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும். தாமரை இலையில் 150 டிகிரிக்கும் மேல். இலையின் மேலுள்ள நுண்ணிய மேடுகளும் அவற்றின் மீதுள்ள மெழுகும் சேர்ந்து இதைச் செய்கின்றன என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் ஆராய்ந்து விளக்கினார்.

உருண்டோடும் துளி அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகும்; இது நன்மை. ஆனால் ஓடாமல் தங்கிய துளி? பரந்து கிடக்கும் நீர் காய்ந்தால் உப்பு மெல்லிய படிவாகப் பரவும். முத்தாய்த் திரண்ட துளி காய்ந்தால் அதிலுள்ள உப்பு முழுவதும் சிறு வட்டத்தில் குவியும். ஆகவே கடின நீரால் கழுவி வெயிலில் காயவிட்டால், விலையுயர்ந்த பூச்சின் மேலும் வெண்புள்ளிகள் தோன்றும். பூச்சு புள்ளியைத் தடுப்பதில்லை. உடனே கவனித்தால் எளிதில் துடைத்தெடுக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

செய்து பாருங்கள்

சோதனை 1: பழைய பிஸ்கட் டின் மூடி ஒன்றின் பாதியில் மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். இரு பாதிகளிலும் ஒரே அளவுத் துளி நீரை விடுங்கள். பக்கவாட்டில் கைப்பேசியால் படமெடுத்து, படத்தின் மேல் பாகைமானியை வைத்துத் தொடுகோணத்தை அளங்கள். மூடியை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, சோப்பு நீரால் கழுவி மீண்டும் அளங்கள். மெழுகின் ஆயுள் உங்களுக்கே புலப்படும்.

சோதனை 2: கறுப்பு நிற ஓடு அல்லது கண்ணாடித் துண்டின் மேல் மழைநீர், குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளி விட்டு வெயிலில் காய வையுங்கள். எதன் வளையம் வெண்மையாக இருக்கிறது? அதன்மேல் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் இருந்தால் நுண்குமிழ்கள் எழும், வளையம் கரையும். வினிகர் அமிலமாகையால் கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

சோதனை 3: பெயிண்ட் அடித்த வேறொரு டின் மூடியின் மேல் எச்.பி., 2 எச் பென்சில்களை 45 டிகிரி சாய்த்து அழுத்தித் தள்ளுங்கள். கீறல் விழுகிறதா? பிறகு அதே மூடியில் சிட்டிகை மணலைத் தூவி, உலர்ந்த துணியால் நான்கு முறை துடையுங்கள். இரண்டையும் வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். (மாமாவின் காரில் இதைச் செய்துவிடாதீர்கள்!)

மாமாவுக்கு என்ன சொல்வது?

இப்போது தீர்ப்பு கூறலாம். நெடுஞ்சாலையில் ஓடும் கார் என்றால் பெரிய ஆபத்து முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடும் காருக்கு அது பொருந்தும். கல்லுக்கு எதிராக மெழுகோ செராமிக்கோ பயனில்லை. தடிப்பு ஒன்றே காக்கும். அதற்காகக் கார் முழுவதும் படலம் ஒட்டத் தேவையில்லை. முன்பக்க பம்பர், பானெட்டின் முன்விளிம்பு இவற்றுக்கு ஒட்டினாலே பெரும்பகுதி காப்பு கிடைத்துவிடும்.

நிழலில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வீட்டுக் காருக்கு மெழுகு அல்லது சீலண்ட் தாராளம். நாள் முழுவதும் வெயிலிலும் மரத்தடியிலும் நிற்கும் காரை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறோம், அடிக்கடி பூச நேரமில்லை, பணத்திற்கும் சிரமமில்லை என்றால் செராமிக் பூச்சு பொருத்தமே. எச்சமும் அழுக்கும் எளிதில் கழுவிப் போகும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பூசுமுன் "ரப்பிங்" செய்து பழைய கீறல்களை நீக்குவார்கள். கீறலை நீக்குவது என்றால் கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள தெளிபூச்சைச் சீவுவதுதான்! ஒவ்வொரு ரப்பிங்கிலும் அந்த 40 மைக்ரானில் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பாது. புதுக் காருக்கு வலுவான ரப்பிங் தேவையேயில்லை.

லாங் பஜாரில் ஓடும் மாமாவின் காருக்கு? கோணி உரசலுக்கும் கூடைக் கீறலுக்கும் ஒன்றிரண்டு மைக்ரான் பூச்சு ஈடு கொடுக்காது. ஆகவே கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி, பம்பர் முனை ஆகிய உரசும் இடங்களில் மட்டும் படலம். மற்ற இடங்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாமாவே பூசும் சீலண்ட். மிச்சமாகும் பணம் தவணைக்குப் போகட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. அதற்கு விலையே இல்லை. உலர்ந்த காரைத் துணியால் துடைக்கக்கூடாது. முதலில் நீரை ஊற்றி மணலை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். துணியில் ஏறிய மணல் இரண்டாவது வாளியின் அடியில் தங்கிவிடும். திரும்பக் காருக்குப் போகாது. மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். மணல் மிகுந்த கீழ்ப்பகுதி கடைசியில். நீர் காயுமுன் மெத்தென்ற துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். நிழலில், காலையிலோ மாலையிலோ. எச்சம் பட்டால் நீர் ஊற்றி ஊறவைத்து அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நான்கு எதிரிகளில் மூவரை இந்தப் பழக்கமே அடக்கிவிடும். வெயிலுக்கு நிழலைவிட நல்ல மருந்து இல்லை.

தெளிப்பவரின் மூச்சு

காரைக் காப்பது பற்றிப் பேசினோம். அதைப் பூசும் மனிதரைப் பற்றியும் பேச வேண்டாமா? தெளிபூச்சைப் பட்டறையில் அடிக்கும்போது இரண்டு திரவங்களைக் கலப்பார்கள். ஒன்று பிசின், மற்றொன்று அதன் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைக்கும் ஐசோசயனேட். தோல் ஃபினிஷிங்கில் தெளிக்கும் சில மேற்பூச்சுகளிலும் இவ்வகைப் பிணைப்பான்கள் உண்டு. பெயிண்டைப் பிணைக்கும் அதே வேகத்தோடு இப்பொருள் நம் உடலின் புரதங்களோடும் வினைபுரியும். இதன் நுண்துளிகளைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலை உண்டாக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக் கொள்வது இதற்குப் போதாது. குழாய் வழியே தூய காற்று ஊட்டப்படும் முகமூடியும், காற்று வெளியேற்றும் அறையும் வேண்டும். உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ இத்தொழிலில் இருந்தால், இன்று மாலையே இதை அவரிடம் சொல்லுங்கள். 40 மைக்ரான் பூச்சு போனால் மறுபடி அடித்துக் கொள்ளலாம். நுரையீரலுக்கு மறுபூச்சு கிடையாது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. செராமிக் பூச்சில் குறுக்குப் பிணைப்பு இருந்தும் கல்லடியைத் தடுக்க முடியாதது ஏன்?

2. தெளிபூச்சு 40 மைக்ரான். ஒரு ரப்பிங்கில் 4 மைக்ரான் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ரப்பிங் செய்தால் ஐந்து ஆண்டில் எத்தனை விழுக்காடு மிஞ்சும்? வெயிலைத் தடுக்கும் திறனுக்கு அதனால் என்ன நேரும்?

3. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் மழைநீரிலும் ஒரே அளவு சோப்பைக் கரைத்து நுரையின் உயரத்தை ஒப்பிடுங்கள். கார் கழுவ எது சிறந்தது? மாடியில் விழும் மழைநீரைச் சேமித்தால் எத்தனை வாளி கிடைக்கும்?

விடைகளை எழுதி உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள். மாமா கேட்ட கேள்விக்கும் இப்போது உங்களிடம் விடை இருக்கிறது. எந்தக் கவசம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த எதிரிக்கு என்று கேட்க வேண்டும். சட்டைக்கோ, செருப்புக்கோ, வீட்டுச் சுவரின் பெயிண்டுக்கோ கடையில் ஒருவர் கவசம் விற்க வரும்போதும் இதே கேள்வி உங்களுக்கு உதவும்.